அத்தியாயம் 7: ஹோட்டலுக்கும் மைதானத்துக்கும் நடுவே

அணியை அழைத்துக்கொண்டு போகிற மேலாளர்கள் பாதுகாப்பு என்றதும் மைதானத்தைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். வாசலில் மெட்டல் டிடெக்டர் உண்டா, காலரிக்கு முன்னால் வேலி உண்டா, எத்தனை போலீஸ் நிற்பார்கள் என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டியவைதான். ஆனால் அணிகள் குறிவைக்கப்பட்ட, அல்லது மயிரிழையில் தப்பிய ஐந்து சம்பவங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

1972, மியூனிக்: வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்த குடியிருப்பில்.
2002, கராச்சி: நியூசிலாந்து கிரிக்கெட் அணி தங்கியிருந்த ஹோட்டலுக்கு எதிரே.
2009, லாகூர்: மைதானத்துக்குப் போகும் பஸ்ஸில்.
2010, அங்கோலாவின் கபிண்டா: எல்லை தாண்டி வந்த பஸ்ஸில்.
2017, ஜெர்மனியின் டார்ட்மண்ட்: ஹோட்டலைவிட்டுக் கிளம்பிய பஸ்ஸில்.

இந்த ஐந்தில் ஒன்றுகூட ஆட்டம் நடக்கும்போது மைதானத்துக்குள் நடக்கவில்லை. மைதானத்துக்குச் சுவர் உண்டு, வாசலில் சோதனை உண்டு. சாலைக்கு இரண்டும் இல்லை. ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது செய்தித்தாளிலேயே வருகிறது. அணி எந்த ஹோட்டலில் இருக்கிறது என்பது ஆட்டோகிராஃப் வாங்க நிற்கிற பையனுக்குக்கூடத் தெரியும். இரண்டையும் கூட்டினால் பஸ் எப்போது, எந்தத் தெருவில் வரும் என்ற விடை கிடைத்துவிடும். அந்த விடையை மற்றவர்களுக்குக் கடினமாக்குவதுதான் இந்த அத்தியாயத்தில் நாம் கற்கப்போவது.

லாகூர்: ஒரு காலைப் பயணம்

2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல் நடந்த பிறகு பாகிஸ்தான் பயணத்தை இந்தியா கைவிட்டது. அந்த இடத்துக்கு இலங்கை அணி ஒப்புக்கொண்டு போனது. 2009 மார்ச் 3, லாகூர் டெஸ்ட்டின் மூன்றாம் நாள். காலை 9 மணிக்குச் சற்று முன்பு, கடாபி மைதானத்துக்கு அருகே லிபர்டி ரவுண்டானாவில் பன்னிரண்டு பேர் துப்பாக்கி, கையெறி குண்டு, ராக்கெட் லாஞ்சர் சகிதம் பஸ்ஸை வளைத்தார்கள். பாதுகாப்புக்கு வந்த போலீசார் ஆறு பேர் இறந்தார்கள். நடுவர்கள் வந்த வேனின் ஓட்டுநரும் இறந்தார். திலான் சமரவீரவுக்குத் தொடையிலும் தரங்க பரணவிதானவுக்கு மார்பிலும் காயம். மஹேல ஜயவர்தன, குமார் சங்கக்கார, அஜந்த மெண்டிஸ், உதவிப் பயிற்சியாளர் பால் ஃபார்பிரேஸ் ஆகியோரும் காயமடைந்தார்கள்.

பஸ்ஸில் இருந்தவர்கள் உயிர் பிழைத்ததற்கு முதல் காரணம் ஓட்டுநர் மெஹர் முகமது கலீல். சுடும்போது அவர் வண்டியை நிறுத்தவில்லை. ஆக்சிலரேட்டரை மிதித்து, மைதானத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார். வீரர்கள் எல்லோரும் தரையோடு தரையாகப் படுத்திருந்தார்கள். பின்னால் வந்த நடுவர்களின் வேனில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஓட்டுநர் இறந்ததும் வேன் நின்றுபோனது. வேறொருவர் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்வரை அது துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவில் அசையாமல் கிடந்தது.

முதல் இரண்டு நாளும் இரு அணிகளும் ஒன்றாகக் கிளம்பியதாகவும், அன்று மட்டும் பாகிஸ்தான் அணி சில நிமிடம் தாமதமாகக் கிளம்பியதாகவும் ஆட்ட நடுவர் கிறிஸ் பிராட் பின்னர் சொன்னார். இதில் சதி தேடுவது நம் வேலையில்லை. கடைசி நேரத்தில் ஏற்பாட்டில் ஒன்று மாறினால் ‘ஏன்’ என்று கேட்கிற ஆளாக மேலாளர் இருக்க வேண்டும். அது போதும்.

போவதா, வேண்டாமா

இந்த முடிவை விமான டிக்கெட் எடுத்த பிறகு எடுக்கக் கூடாது. மூன்று இடங்களில் விசாரியுங்கள்.

ஒன்று, அரசுகளின் பயண எச்சரிக்கைகள். அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் நாடுகளை நான்கு படிகளாகப் பிரிக்கின்றன. நான்காம் படி ‘போகாதீர்கள்’. நாடு முழுவதற்கும் ஒரே மதிப்பெண் என்று நினைக்காதீர்கள். தலைநகர் அமைதியாக இருக்கும், எல்லை மாவட்டம் எரிந்துகொண்டிருக்கும். நீங்கள் ஆடப்போகிற ஊருக்கும், அந்த ஊருக்குப் போகிற சாலைக்கும் என்ன சொல்லியிருக்கிறது என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டு, உங்கள் நாட்டுத் தூதரகம். மூன்று, அங்கே சமீபத்தில் போய்வந்த வேறொரு அணியின் மேலாளர். மூன்றாமவர் சொல்வது பெரும்பாலும் மற்ற இருவர் சொல்வதைவிடப் பயனுள்ளதாக இருக்கும்.

அழைக்கிற சங்கத்தின் உறுதிமொழி மட்டும் போதாது. அவர்கள் பொய் சொல்வார்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. போட்டி நடக்க வேண்டும் என்ற கவலை அவர்களுடையது, பையன்கள் வீடு திரும்ப வேண்டும் என்ற கவலை உங்களுடையது.

நல்ல முன்மாதிரிக்குச் சென்னைக்கே வரலாம். மும்பைத் தாக்குதலின்போது இங்கிலாந்து அணி இந்தியாவில்தான் இருந்தது. மீதமிருந்த ஒருநாள் ஆட்டங்களை விட்டுவிட்டு ஊர் திரும்பியது. பிறகு பாதுகாப்பு ஆலோசகரை அனுப்பி நேரில் பார்க்கச் சொன்னார்கள். அகமதாபாத்தில் நடக்கவிருந்த முதல் டெஸ்ட் சென்னைக்கும், மும்பையில் நடக்கவிருந்தது மொஹாலிக்கும் மாறின. வீரர்கள் அபுதாபியில் கூடி, ஆலோசகர் சரி என்ற பிறகே விமானம் ஏறினார்கள். 2008 டிசம்பர் 11 அன்று சேப்பாக்கத்தில் ஆட்டம் தொடங்கியது. நேரில் பார்த்தல், இடத்தை மாற்றுதல், வெளியே ஓரிடத்தில் காத்திருத்தல், பிறகு முடிவெடுத்தல் என்ற இந்த வரிசையைச் சிறிய அணியும் பின்பற்றலாம். ஆலோசகருக்குப் பணமில்லை என்றால் நீங்களோ துணைப் பயிற்சியாளரோ ஒரு வாரம் முன்னதாகப் போய்ப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. 1996 ஜனவரி 31 அன்று கொழும்பில் மத்திய வங்கி மீது குண்டுத் தாக்குதல் நடந்து 90 பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த மாதமே உலகக் கோப்பை. ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்துப் புள்ளிகளை இழந்தன. ஜிம்பாப்வேயும் கென்யாவும் இலங்கைக்குப் போய் ஆடின. போனவர்களுக்கு ஒன்றும் நேரவில்லை. அதனால் மறுத்தவர்கள் கோழைகள் என்று ஆகிவிடாது. ஒன்றும் நடக்கவில்லை என்பது நாம் சரியாகக் கணித்தோம் என்பதற்குச் சான்று அல்ல. முடிவெடுத்த நாளில் கையில் என்ன தகவல் இருந்தது என்பதை வைத்தே முடிவை எடைபோட வேண்டும். அதற்காகவே எல்லாவற்றையும் எழுதி வையுங்கள்.

நிறுத்தற்கோடுகளை முன்கூட்டியே எழுதுங்கள்

ஆபத்து நெருங்கும்போது யாருக்கும் நிதானம் இருக்காது. எனவே ஊரில் இருக்கும்போதே ஒரு பக்கத்தில் எழுதுங்கள்: என்ன நடந்தால் கிளம்ப மாட்டோம், என்ன நடந்தால் பாதியில் திரும்புவோம், அந்த முடிவை எடுக்கும் அதிகாரம் யாருக்கு. உதாரணமாக: ‘தங்குமிடத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் குண்டுவெடிப்பு நடந்தால் அன்றைய ஆட்டம் கிடையாது. விமான நிலையம் மூடப்பட்டால் மாற்று வழியில் உடனே கிளம்புவோம். மேலாளர் ஒருவரே முடிவெடுக்கலாம், சங்கத்துக்குப் பிறகு சொன்னால் போதும்.’ தூரமும் நிபந்தனையும் உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாறட்டும். கடைசி வாக்கியம் மட்டும் மாறக் கூடாது. குழு கூடி ஓட்டெடுப்பு நடத்த அங்கே நேரம் இருக்காது.

2002 மே 8 காலை கராச்சியில் டெஸ்ட் தொடங்க வேண்டும். நியூசிலாந்து வீரர்கள் மைதானத்துக்குக் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்தபோது எதிர் ஹோட்டல் வாசலில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் பிரான்ஸ் நாட்டுக் கடற்படைப் பொறியாளர்கள் 11 பேர். அந்த அணி அன்றே பயணத்தை ரத்து செய்தது. யாரும் விவாதித்துக்கொண்டிருக்கவில்லை.

வீரருக்கும் ஒரு நிறுத்தற்கோடு உண்டு. 2019 செப்டம்பரில் பாகிஸ்தான் போக விருப்பமில்லை என்று இலங்கை வீரர்கள் பத்துப் பேர் சொன்னார்கள். வாரியம் கட்டாயப்படுத்தவில்லை. மாற்று அணி போய் டி20 தொடரை 3-0 என வென்றது. அந்தப் பத்துப் பேரில் ஒருவரான திமுத் கருணாரத்ன டிசம்பரில் டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கி அதே நாட்டுக்குப் போனார். ‘வரவில்லை’ என்று சொன்ன வீரரின் இடம் பறிபோகாது என்பதை எழுத்தில் கொடுங்கள். அந்தக் காகிதம் இல்லாவிட்டால் பையன்கள் பயத்தை விழுங்கிக்கொண்டு ‘சரி சார்’ என்றுதான் சொல்வார்கள்.

ஒப்பந்தத்தையும் படியுங்கள். கபிண்டாவில் தாக்கப்பட்ட டோகோ அணி இறந்தவர்களோடு ஊர் திரும்பியது. ஆப்பிரிக்கக் கால்பந்துக் கூட்டமைப்போ, போட்டியிலிருந்து விலகியதற்காக அடுத்த இரண்டு தொடர்களில் ஆட அந்த அணிக்குத் தடை போட்டது. பிறகு பேச்சுவார்த்தை நடந்து தடை விலகியது. பாதுகாப்புக் காரணத்துக்காக விலகினால் அபராதமோ தடையோ இல்லை என்ற வரி உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பு பாருங்கள்.

காப்பீட்டு நிறுவனத்திடம் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். போர், பயங்கரவாதத் தாக்குதலில் காயம்பட்டால் பணம் வருமா? வேறு நாட்டு மருத்துவமனைக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவு உண்டா? அரசு எச்சரிக்கை அமலில் இருக்கும்போது போனால் பாலிசி செல்லுமா? பல பாலிசிகளில் இந்த மூன்றும் சிறிய எழுத்தில் விலக்கப்பட்டிருக்கும்.

சாலை

2010 ஜனவரி 8 அன்று டோகோ அணி காங்கோவிலிருந்து சாலை வழியாகக் கபிண்டாவுக்குள் நுழைந்தது. கபிண்டா அங்கோலாவுக்குச் சொந்தமானது, ஆனால் மற்ற பகுதியிலிருந்து துண்டாகக் கிடக்கிற மாகாணம். பிரிவினை கேட்டு ஆயுதம் ஏந்தியவர்கள் பல பத்தாண்டுகளாக இருக்கிற இடம். பஸ் மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் உதவிப் பயிற்சியாளரும் ஊடக அதிகாரியும் இறந்தார்கள். கோல்கீப்பர் கோஜோவி ஒபிலாலே படுகாயமடைந்து, அதோடு ஆட்ட வாழ்க்கையை முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. பாதுகாப்பு வண்டிகள் கூடவே வந்தும் இது நடந்தது.

இதிலிருந்து சில விதிகள்:

1. விமானம் போகிற இடத்துக்குச் சாலையில் போகாதீர்கள். டிக்கெட் பணத்தை வேறெங்காவது மிச்சம் பிடியுங்கள்.

2. குறைந்தது மூன்று பாதைகளை முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். எந்தப் பாதை என்று புறப்படும்போது முடிவு செய்யுங்கள். தெரிந்திருக்க வேண்டியவர்கள் நீங்களும் ஓட்டுநரும் பாதுகாப்பு அதிகாரியும்தான்.

3. கிளம்பும் நேரத்தைத் தினமும் 20, 30 நிமிடம் முன்பின்னாக மாற்றுங்கள். வார்ம்-அப் நேரம் குறைந்தாலும் பரவாயில்லை.

4. வண்டி மெதுவாகப் போகிற இடங்களைக் குறித்து வையுங்கள்: ரவுண்டானா, ரயில்வே கேட், குறுகிய பாலம், மைதானத்தின் கடைசித் திருப்பம். முன்னால் போகிற பைலட் வண்டி இந்த இடங்களை முதலில் தாண்டிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

5. பஸ்ஸின் பக்கத்தில் அணியின் பெயர், கொடி, ஸ்பான்சர் படம் எதுவும் வேண்டாம்.

6. ஒவ்வொரு வண்டியிலும் ஓட்டத் தெரிந்த இரண்டாவது ஆள் முன்பக்கம் உட்கார வேண்டும். லாகூர் வேன் கற்றுத்தந்த விதி இது. அதிகாரிகளும் நடுவர்களும் வருகிற வண்டிக்கும் வீரர்களின் பஸ்ஸுக்குக் கொடுக்கிற அதே பாதுகாப்பைக் கேளுங்கள்.

7. ஓட்டுநரிடம் நேரில் பேசுங்கள். தாக்கினால் நிறுத்தாதே, திரும்பாதே, ஓட்டிக்கொண்டே இரு என்று அவருக்குத் தெரிந்த மொழியில் சொல்லுங்கள். அடைய வேண்டிய பாதுகாப்பான இடம் எது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்பே பேசி வையுங்கள்.

ஹோட்டல்

மியூனிக் ஒலிம்பிக் குடியிருப்பைச் சுற்றி வேலி இருந்தது. இரவில் வெளியே போய்த் திரும்பும் வீரர்கள் அதன் மீது ஏறிக் குதிப்பது வழக்கம். 1972 செப்டம்பர் 5 விடியலுக்கு முன் தாக்க வந்தவர்களும் அந்த வேலியைத்தான் ஏறினார்கள். இஸ்ரேலிய அணியைச் சேர்ந்த 11 பேர் கொல்லப்பட்டார்கள். ஆட்கள் தங்கள் வசதிக்காகக் கண்டுபிடித்த குறுக்குவழி எதுவும் ரகசியமாக இருப்பதில்லை. உங்கள் ஹோட்டலில் சமையலறைக் கதவு, பார்க்கிங் படிக்கட்டு, சிகரெட் பிடிக்கப் போகிற மொட்டைமாடி எல்லாவற்றையும் முதல் நாளே நடந்து பாருங்கள்.

டார்ட்மண்ட் சம்பவம் இன்னொரு வகை. 2017 ஏப்ரல் 11 அன்று ஹோட்டலுக்கு வெளியே செடிவேலியில் ஒளித்து வைத்த மூன்று குண்டுகள் பஸ் கடக்கும்போது வெடித்தன. வீரர் மார்க் பார்ட்ராவுக்குக் கையில் எலும்பு முறிந்தது. முதலில் எல்லோரும் பயங்கரவாத அமைப்பு என்றார்கள். பிடிபட்டவர் அந்த அணியின் பங்கு விலை விழும் என்று பந்தயம் கட்டியிருந்த தனி ஆள், அதே ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். ஆகவே ‘எங்களுக்கு யார் எதிரி’ என்று யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். வழியை அடைப்பதில் கவனம் வையுங்கள்.

ஒரே மாடியில் எல்லா அறைகளையும் கேளுங்கள். தரைத்தளம் வேண்டாம், தீயணைப்பு ஏணி எட்டாத உயரமும் வேண்டாம். சாலையைப் பார்த்த அறைகளைத் தவிருங்கள். லாபியில் ‘வருக வருக’ என்று அணியின் பெயர் போட்ட பலகை வைத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பஸ் ஏறுகிற இடம் முன்வாசலாக இருக்க வேண்டியதில்லை.

கைபேசி

ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சிச் செயலி வெளியிட்டிருந்த உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் உருவமே கோடுகளாகத் தெரிந்தது 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. ராணுவ வீரர்கள் கையில் கட்டியிருந்த கடிகாரங்கள், அவர்கள் வேலியோரம் ஓடியதை அப்படியே பதிவு செய்திருந்தன. உங்கள் பையன்களின் கையிலும் அதே கடிகாரம்தான் இருக்கிறது. பயணம் முடியும்வரை இருப்பிடப் பகிர்வை அணைக்கச் சொல்லுங்கள். படம் போடட்டும், ஊரைவிட்டுக் கிளம்பிய பிறகு போடட்டும். பஸ் நேரத்தைப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அங்கிருந்து அது எங்கே போகும் என்று உங்களுக்குத் தெரியாது.

பஸ்ஸுக்குள்

முதல் நாளே, நிற்கிற பஸ்ஸில், ஒரு ஒத்திகை நடத்துங்கள். ‘கீழே’ என்று கத்தினால் எல்லோரும் தரையில் படுக்க வேண்டும். தலை ஜன்னலுக்குக் கீழே இருக்க வேண்டும். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, வீடியோ எடுக்கக் கூடாது. ஜன்னல் திரைகள் எப்போதும் மூடியிருக்கட்டும், கண்ணாடி உடைந்தால் சில்லுகளை ஓரளவு தடுக்கும். பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே படுத்தாலும் பழகிவிடும்.

கிட்பேக்குகளைப் போல முதலுதவிப் பெட்டியை அடியில் போடாதீர்கள், கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். அதில் ரத்தப்போக்கை நிறுத்தும் இறுக்குப் பட்டைகள், அழுத்தக் கட்டுத் துணிகள் வேண்டும். கை காலில் பீறிடும் ரத்தம் அழுத்தியும் நிற்காவிட்டால், காயத்துக்குச் சற்று மேலே பட்டையை இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். மருத்துவர் வரும்வரை அவிழ்க்காதீர்கள். உடம்பில் பட்ட காயமாக இருந்தால் கையால் அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். லாகூர் வேனில் சுடப்பட்ட நடுவர் அஹ்சன் ராசாவின் காயத்தைக் கிறிஸ் பிராட் கையால் அழுத்திப் பிடித்திருந்தார். ராசா பிழைத்தார், மீண்டும் நடுவராக நின்றார், 2023-இல் ஐசிசியின் எலைட் நடுவர் குழுவிலும் சேர்ந்தார்.

வெளியேறும் வழி

லாகூரில் இலங்கை அணியை ராணுவ ஹெலிகாப்டர் மைதானத்துக்குள்ளேயே இறங்கி ஏற்றிக்கொண்டு போனது. பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கோ மாநிலக் கபடி அணிக்கோ ஹெலிகாப்டர் வராது. எனவே நாம் பார்க்க வேண்டியது தர்மசாலா. 2025 மே 8 இரவு, இந்தியா-பாகிஸ்தான் மோதலுக்கு நடுவே, பஞ்சாப்-டெல்லி ஐபிஎல் ஆட்டம் பாதியில் நிறுத்தப்பட்டது. வட இந்தியாவில் பல விமான நிலையங்கள் மூடிக்கிடந்தன. அணிகளைச் சாலை வழியாக ஜலந்தருக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து சிறப்பு வந்தே பாரத் ரயிலில் டெல்லிக்கு அனுப்பினார்கள்.

விமானம் இல்லை என்றால் ரயில் எந்த ஊரிலிருந்து? ரயிலும் இல்லை என்றால் எல்லை எத்தனை கிலோமீட்டர், விசா உண்டா? இரண்டு நாளைக்கு வேண்டிய ரொக்கம் உள்ளூர்ப் பணத்தில் இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு விடை தெரியாமல் ஊரைவிட்டுக் கிளம்பாதீர்கள்.

பிறகு

டார்ட்மண்ட் வீரர்கள் குண்டுவெடிப்புக்கு மறுநாளே மொனாக்கோவோடு ஆட வைக்கப்பட்டார்கள். 2-3 எனத் தோற்றார்கள். எப்போது ஆடுவது என்று தங்களை யாரும் கேட்கவில்லை என்று பயிற்சியாளர் தோமஸ் துக்கெல் வெளிப்படையாகக் குறைப்பட்டார். காயம் படாத வீரருக்கும் அடி விழுந்திருக்கிறது. அடுத்த ஆட்டத்தை உடனே முடிவு செய்யாதீர்கள். மனநல ஆலோசகரிடம் எல்லோரையும் அனுப்புங்கள். ‘யாருக்கு வேண்டும்’ என்று கை தூக்கச் சொன்னால் ஒருவரும் தூக்க மாட்டார்கள்.

கிளம்பும் முன் சரிபார்க்க

☐ நிறுத்தற்கோடுகள் எழுதிய பக்கம், சங்கத்தின் கையெழுத்தோடு
☐ விலகினால் தடை இல்லை என்ற ஒப்பந்த வரி
☐ மூன்று கேள்விகளுக்கும் காப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துப் பதில்
☐ தூதரகத்தில் எல்லோருடைய பெயரும் பதிவு
☐ பாஸ்போர்ட் நகல், ரத்தப் பிரிவு, ஒவ்வாமை, வீட்டு எண்: காகிதத்தில், இரண்டு பேரிடம்
☐ மூன்று பாதைகள், இரண்டு ஓட்டுநர்கள், ஒரு ஒத்திகை
☐ அறுவைச் சிகிச்சை வசதியுள்ள இரண்டு மருத்துவமனைகள், நேரில் பார்த்தவை
☐ ஊரைவிட்டு வெளியேற இரண்டு வழிகள்

இந்தப் பட்டியலில் பெரும் பணம் கேட்கிற வேலை ஒன்றும் இல்லை. பெரும்பாலானவை ஒரு நோட்டுப் புத்தகமும் இரண்டு நாள் நடையும் கேட்பவை. முதல் வரியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்தப் பக்கம் கையெழுத்தாகி உங்கள் கைக்கு வரும்வரை டிக்கெட் எடுக்க வேண்டாம்.